நேற்று எழுதிய நிரல் எங்கே?

"மாமா, நேத்து ராத்திரி எழுதுன புரோகிராமைக் காணோம்."

காலை ஆறரை மணிக்கு அக்கா மகள் போனில். பிளஸ் டூ, கணினி அறிவியல் பிரிவு. பாடத்தில் பைத்தான் வந்துவிட்டது, வீட்டில் கணினி இல்லை. பரணைக் குடைந்ததில், அவளுடைய பெரியப்பா மகன் பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி கிடைத்தது. பேட்டரி செத்துப் பல வருடம் ஆகிறது. ஹார்டு டிஸ்க் கரகரவென்று இருமிவிட்டு அடங்கிவிடும். ஆனால் திரையில் ஒரு கீறல்கூட இல்லை. விசைப்பலகையில் ஒரே ஒரு பொத்தான்தான் காணாமல் போயிருந்தது. ரேம் 2 ஜிபி. விடுமுறைக்குப் போயிருந்த நான், 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை ஏற்றினேன். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே கணினியை உயிர்ப்பித்துக் காட்டினேன். எல்லோரும் வியந்து பார்க்க, பெருமையோடு பஸ் ஏறிவிட்டேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் வந்திருந்தேன்: அணைத்தால் எல்லாம் போய்விடும்.

இந்த வகை லினக்ஸுக்கு 'லைவ்' என்று பெயர். நிறுவத் தேவையில்லை. பென் டிரைவிலிருந்தே ஓடும். அதன் சூட்சுமமே மறதிதான். இயங்குதளம் முழுவதும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற முறையில் நசுக்கப்பட்டு ஒரே கோப்பாகக் கிடக்கும். அதைப் படிக்கலாம், திருத்த முடியாது. நாம் செய்யும் மாற்றமெல்லாம் அதன்மேல் விரித்த மெல்லிய தாள் ஒன்றில், அதாவது ரேமில், எழுதப்படும். கல்வெட்டின்மேல் டிரேசிங் பேப்பரை வைத்து எழுதுவது போல. மின்சாரம் நின்றால் தாள் காற்றோடு போகும், கல்வெட்டு அப்படியே இருக்கும்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1992-லேயே இக்டிராசில் என்ற லினக்ஸ் குறுந்தகட்டிலிருந்து ஓடியது. ஆனால் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் கிளவுஸ் நாப்பர் என்ற ஜெர்மானியர். 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் வெளியிட்ட நாப்பிக்ஸ், 700 எம்பி குறுந்தகட்டுக்குள் சுமார் 2 ஜிபி மென்பொருளை நசுக்கி அடைத்திருந்தது. படுத்துவிட்ட விண்டோஸ் கணினியிலிருந்து கல்யாண போட்டோக்களை மீட்டுக் கொடுத்தவர்கள் கையில் பெரும்பாலும் அந்தத் தகடுதான் இருந்தது. இரவல் கணினியில் வேலையை முடித்து, தடம் தெரியாமல் எழுந்துபோகவும் அது உதவியது. அந்த வேலைகளுக்கெல்லாம் மறதி ஒரு வரம். படிக்கிற பிள்ளைக்கு மட்டும்தான் அது சாபம். நேற்று எங்கே விட்டோம் என்பதுதானே அவளுக்கு இன்றைய முதல் பாடம்?

அதனால்தான், "எந்த லினக்ஸ் ரொம்ப லேசு?" என்று கேட்டு வருகிற ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் இப்போதெல்லாம் நான் கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன். முதலில் பார்க்க வேண்டியது எடையை அல்ல. அணைத்துப் போட்டால் பிள்ளையின் வேலை எங்கே போய்ச் சேர்கிறது, அதற்கு எத்தனை படிகள் தேவை, பதினேழு வயதுப் பெண் தனியாக அதைச் செய்ய முடியுமா? தொழில்காரர்கள் இதை பெர்சிஸ்டென்ஸ் என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் தேர்ந்தால்தான் மற்றதெல்லாம் கணக்கில் வரும்.

எடையில் மட்டும் முதல் பரிசு என்றால் டைனி கோர் லினக்ஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். வரைகலைத் திரையோடு சேர்த்தே சுமார் 23 எம்பி, ஒரு வாட்ஸ்அப் வீடியோ அளவு. ஆனால் அந்தச் சிறு பதிப்பில் வைஃபை வசதிகூடக் கிடையாது. வேண்டியதை ஒவ்வொன்றாக இணையத்திலிருந்து இழுத்து வந்து கோக்க வேண்டும். இயங்குதளம் எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்க ஆசைப்படுகிற பெரியவர்களுக்கு அருமையான பொம்மை. நாளைக்கு அலகுத் தேர்வு இருக்கிற பிள்ளையிடம் கொடுத்தால் பாவம்.

பப்பி லினக்ஸ் வேறு ரகம். ஆஸ்திரேலியாவின் பாரி கவுலர் 2003-இல் தன் நாய்க்குட்டியின் நினைவாகப் பெயர் வைத்துத் தொடங்கியது. ஃபோசாபப் 9.5 பதிப்பு 409 எம்பிதான். முழுவதும் ரேமில் ஏறி உட்கார்ந்துகொள்வதால், பழைய கணினியில்கூடச் சொடுக்கியதும் திறக்கும். முதல்முறை அணைக்கும்போது, "சேமிக்கட்டுமா?" என்று அதுவே கேட்கும். சரி என்றால் ஒரு சேமிப்புக் கோப்பை உருவாக்கி அடுத்த நாள் தொடரும். இந்த ஒரு கேள்வியை நான் கொடுத்த பென் டிரைவ் கேட்டிருந்தால் காலையில் அந்த அழைப்பே வந்திருக்காது.

ஆனாலும் பப்பியை நான் எடுக்கவில்லை. சி நிரலைத் தொகுக்கும் ஜிசிசி அதற்குள் இருக்காது. டெவ்எக்ஸ் என்று தனிக் கோப்பாக வரும், தேடி ஏற்ற வேண்டும். தெரிந்தவருக்கு இரண்டு நிமிட வேலை, தெரியாதவர் 'பப்பியில் சி ஓடாது' என்று முடிவு கட்டிவிடுவார். இன்னொன்று என் சொந்தக் கருத்து, மறுப்பவர்கள் உண்டு. பப்பியில் நுழைகிற எவரும் ரூட், அதாவது சர்வாதிகாரி. எந்தக் கோப்பையும் அழிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நிரல் படிக்கிறவர்கள் அனுமதி மறுக்கப்படும் அனுபவத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். 'உனக்கு உரிமை இல்லை' என்று கணினி சொல்லும்போதுதான் பயனர், உரிமை, காப்பு என்ற பாடங்கள் மண்டையில் ஏறுகின்றன.

நான் தேர்ந்தெடுத்தது ஆன்டிஎக்ஸ். கிரீஸில் வாழும் ஒருவர் 'ஆன்டிகேபிடலிஸ்டா' என்ற புனைபெயரில் நடத்துவது. பெயரைப் பார்த்தாலே கொள்கை தெரியும். 2023-இல் வந்த பதிப்புக்கு, இத்தாலியில் ஃபாசிஸ்டுகளை எதிர்த்துத் தெருவில் நின்ற ஒரு தொழிலாளர் அணியின் பெயர். அரசியல் இருக்கட்டும், 512 எம்பி ரேமிலேயே ஓட வேண்டும் என்பது அவர்கள் குறிக்கோள். டெபியன் என்ற பெரிய லினக்ஸ் குடும்பத்தின் அடிப்படை என்பதால், டெபியன் களஞ்சியத்தில் உள்ள எந்த மென்பொருளையும் ஒரு வரிக் கட்டளையில் இறக்கலாம். பார்க்க அழகாக இருக்காது. "பழைய படத்துல வர்ற கம்ப்யூட்டர் மாதிரி இருக்கே மாமா" என்றாள் அக்கா மகள். உண்மைதான். அந்த அழகு இல்லாததால் மிஞ்சுகிற நினைவகத்தில்தான் அவள் நிரல் ஓடப்போகிறது.

என்னைக் கவர்ந்தது லேசு அல்ல, மறதியைப் பங்கிட்டுக் கொடுக்கும் விதம். ஆன்டிஎக்ஸிலும், அதன் வசதியான உடன்பிறப்பான எம்எக்ஸ் லினக்ஸிலும் எதை நினைவில் வைப்பது, எதை மறப்பது என்று தொடக்கப் பட்டியலிலேயே சொல்லலாம். எல்லாவற்றையும் சேமி என்றும் சொல்லலாம், வீட்டை மட்டும் சேமி என்றும் சொல்லலாம். லினக்ஸில் பயனரின் கோப்புகள் இருக்கும் இடத்துக்கு 'ஹோம்' என்றுதானே பெயர்? பிள்ளை எழுதிய நிரல்கள், அமைப்புகள் எல்லாம் அங்கே. இயங்குதளம் மட்டும் ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிறக்கும். கூடுதல் மென்பொருள் வேண்டுமா? ஒருமுறை நிறுவிவிட்டு, ரீமாஸ்டர் என்ற கருவியால் அந்தக் கல்வெட்டையே புதிதாகச் செதுக்கிக்கொள்ளலாம். தானி, ஜியானி என்ற இரண்டு எடிட்டர்களையும் ஜிசிசியையும் நிறுவி, அப்படியே செதுக்கிக் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் சேமி என்பதுதானே நல்லது என்று தோன்றும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய மென்பொருளைப் புதுப்பித்தால், புதியது மேல்தாளில் ஏறும். பழையதோ கல்வெட்டில் அப்படியே கிடக்கும், இடம் திரும்பக் கிடைக்காது. மாதம் இரண்டு புதுப்பிப்பு போனால் சேமிப்புக் கோப்பு ஊதிப் பெருத்துவிடும். விலை குறைந்த பென் டிரைவ்களில் சின்னச் சின்னக் கோப்புகளை எழுதும் வேகம் ஆமை வேகம், அதற்கு ஆயுளும் குறைவு. டெபியனின் சொந்த லைவ் பதிப்பிலும் சேமிக்கலாம். ஆனால் 'பெர்சிஸ்டென்ஸ்' என்ற பெயரில் ஒரு பகுதி பிரித்து, அதற்குள் ஒற்றை வரியோடு ஒரு கோப்பைக் கையால் எழுதிவைக்க வேண்டும். அந்த வரியில் ஒரு எழுத்து பிசகினாலும் எந்தப் புகாரும் சொல்லாமல் மறந்துபோகும்.

மாணவர்களுக்கென்றே செய்யப்பட்டது ஒன்று உண்டு: ராஸ்பெரி பை டெஸ்க்டாப். 2016 டிசம்பரில் சாதாரணக் கணினிகளுக்கும் வந்தது. பைத்தான், ஸ்கிராட்ச் எல்லாம் உள்ளேயே இருக்கும், சேமித்து ஓடும் வசதி தொடக்கப் பட்டியலிலேயே இருக்கும். நியாயமாக இந்தக் கட்டுரை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கணினிக்கான பதிப்பு டெபியன் 11-உடன் நின்றுவிட்டது. நல்ல பேருந்துதான், தடத்தில்தான் இப்போது ஓடவில்லை. உபுண்டு குடும்பத்தைப் பொறுத்தவரை, 4 ஜிபி ரேம் இருந்தால் லுபுண்டுவைத் தாராளமாகப் பார்க்கலாம். 2 ஜிபிக்கு வேண்டாம்.

ரேம் கணக்கில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. இறக்கும் கோப்பு சின்னதாக இருந்தால் கணினி வேகமாக ஓடும் என்று நினைக்கிறார்கள். கோப்பின் அளவு முக்கியமாவது, பப்பியைப் போல முழுவதையும் ரேமில் ஏற்றும்போது மட்டுமே. மற்றபடி ரேமைத் தின்பது இயங்குதளம் அல்ல, உலாவி. ஆன்டிஎக்ஸ் தொடங்கி நிற்கும்போது சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். நாலு தாவல்களோடு ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து, அதில் ஒன்றில் யூடியூபும் ஓடினால் 2 ஜிபி எங்கே போனதென்றே தெரியாது. எல்லோரும் சிலாகிக்கும் விஎஸ் கோடும் உள்ளுக்குள் ஒரு உலாவிதான். சட்டை மட்டும் வேறு.

ஆகவே எடிட்டரையும் லேசாகவே எடுக்க வேண்டும். சி, சி++ எழுத ஜியானி போதும். பைத்தானுக்கு என் ஓட்டு தானிக்கு. எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில், தொடக்க நிலை மாணவர்களுக்காகவே செய்தது. நிரலை வரி வரியாக நிறுத்தி, ஒவ்வொரு மாறியிலும் இப்போது என்ன இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும். ஃபார் சுழற்சிக்குள் ஒரு எண் எப்படி ஏறுகிறது என்பதைக் கரும்பலகையில் நாலு நாள் சொல்லிக்கொடுக்கலாம், தானியில் நாலு நிமிடத்தில் கண்ணால் பார்க்கலாம். பைத்தானின் ஆவணம் முழுவதையும் டெபியன் களஞ்சியத்திலிருந்து இறக்கிப் பென் டிரைவிலேயே வைத்துவிட்டால், உலாவியில் தேடும் தேவையும் பாதி குறையும்.

சி படிக்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு வேறொரு தலைவலி. நம் கல்லூரிகள் பலவற்றில் இன்னமும் அந்த நீலத்திரை டர்போ சி++ உயிரோடு இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் டாஸ் கணினிகளுக்காக போர்லேண்ட் நிறுவனம் செய்தது. இப்போது டாஸ்பாக்ஸ் என்ற கூண்டுக்குள் அடைத்து ஓட்டுகிறார்கள். அதில் பழகிய பிள்ளை லினக்ஸில் உட்கார்ந்ததும் முதல் நிரலே தடுக்கி விழும். 'கோனியோ.எச் இல்லை' என்று ஜிசிசி கைவிரிக்கும். திரையைத் துடைக்கும் கிளர்ஸ்கிரீன் கட்டளை இருக்காது. 'வாய்டு மெயின்' என்று எழுதினால் ஜி++ ஒரேயடியாக மறுத்துவிடும். 'லினக்ஸ் சரியில்லை' என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

அந்தத் தடுக்கலில்தான் பாடமே இருக்கிறது. எட்டின் பேக்டோரியலைக் கணக்கிட்டு, இன்ட் மாறியில் போட்டு டர்போவில் ஓட்டிப் பாருங்கள். 40320 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 25216 என்று வரும். அங்கே இன்ட்டுக்கு 16 பிட்தான், 32767-ஐத் தாண்டினால் சுற்றி மறுபக்கம் வந்துவிடும். அதே நிரல் ஜிசிசியில் ஒழுங்காக 40320 தரும். 12-இன் பேக்டோரியல் வரைக்கும் நன்றாகப் போய், 13-இல்தான் கோளாறு தொடங்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற ஆசிரியர், 'டேட்டா டைப்' பாடத்துக்குத் தனியாக வகுப்பெடுக்கவே வேண்டாம்.

பென் டிரைவைச் செருகிய பிறகு வரும் சில்லறைத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். எஃப்12, எஃப்2, எஸ்கேப் என்று கணினிக்குக் கணினி தொடக்கப் பட்டியலின் பொத்தான் மாறும். புதிய மடிக்கணினிகளில் செக்யூர் பூட் என்ற காவலாளி இருப்பார். டெபியன், உபுண்டு போன்ற பெரிய குடும்பங்களிடம் அவருக்குக் காட்ட முறையான அனுமதிச் சீட்டு உண்டு. பப்பி போன்ற சிறியவற்றுக்கு அவரை எழுப்பி அனுப்பத்தான் வேண்டும். அப்பாவின் அலுவலக மடிக்கணினியில் இதைச் செய்வதற்கு முன் விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுநாள் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்டு வழிமறிக்கும், வீட்டில் லினக்ஸ் என்ற சொல்லையே பிறகு யாரும் உச்சரிக்க முடியாது. வைஃபை கிடைக்கவில்லையா? மன்றாட வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி வயரில் கோத்து டெதரிங் போடுங்கள், ஏறக்குறைய எந்த லினக்ஸும் அதைத் தானாகவே அடையாளம் காணும். ரொம்பப் பழைய, 32-பிட் மட்டுமே தெரிந்த கணினி என்றால் தேர்வு சுருங்கிவிடும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அந்தக் கணினிகளுக்கான நிறுவியையே கைவிட்டுவிட்டது. டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 போன்றவைதான் கதி.

போலிப் பென் டிரைவ் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு ஊர்த் திருவிழாக் கடையில் 1 டிபி என்று எழுதிய ஒன்றைச் சல்லிசாக வாங்கினேன். சில ஜிபிக்கு மேல் எழுதியதெல்லாம் பாதாளத்துக்குப் போனது. எஃப்3 என்ற சின்ன நிரல் இந்தப் பொய்யைப் பிடித்துக் கொடுக்கும். வாங்கியதும் ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது.

ஒரு பிள்ளைக்குச் செய்வதை நாற்பது பிள்ளைகளுக்குச் செய்வதுதான் ஆசிரியரின் கேள்வி. இங்கேயும் ரீமாஸ்டரும், ஸ்னாப்ஷாட் என்ற இன்னொரு கருவியும் கைகொடுக்கும். ஆசிரியர் ஒரு பென் டிரைவைத் தன் வகுப்புக்கேற்பச் சமைத்து, அதையே ஒரு ஐஎஸ்ஓ கோப்பாக மாற்றி நகல் எடுத்துவிடலாம். எல்லார் திரையும் ஒரே மாதிரி இருக்கும். 'சார், எனக்கு மட்டும் அந்த ஐகான் இல்லை' என்ற குரல் கேட்காது. இது குக்கிராமத்து யோசனை என்று நினைத்துவிட வேண்டாம். பின்லாந்து தன் பள்ளி இறுதித் தேர்வையே பென் டிரைவ் லினக்ஸில் நடத்தியது. 2016 இலையுதிர் காலத்தில் தொடங்கி, 2019 வசந்தத்துக்குள் எல்லாப் பாடங்களும் கணினிக்கு மாறின. மாணவர் சொந்த மடிக்கணினியைக் கொண்டுவருவார். டெபியனை அடிப்படையாகக் கொண்ட அபிட்டி என்ற இயங்குதளம் உள்ள பென் டிரைவைச் செருகித் தொடங்குவார். கணினிக்குள் ஒளித்துவைத்த பிட் எதுவும் கண்ணில் படாது. லைவ் லினக்ஸின் மறதியை ஒரு நாடே பறக்கும் படை ஆக்கிக்கொண்டது.

நமக்குப் பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. அங்கே பள்ளிக் கணினிப் பாடம் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான். கைட் என்ற அரசு நிறுவனம் உபுண்டுவை எடுத்து, பாடத்துக்குத் தேவையானதைச் சேர்த்து, பள்ளிகளுக்குத் தருகிறது. தமிழ்நாட்டிலும் விதை போடாமல் இல்லை. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து உருவாக்கி 2007-இல் முதலில் வெளியிட்டது அது. தொடங்கும்போது இரண்டு வரிகள் தெரியும், இரண்டாவது வரியை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள்? நான் கேட்டுப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்கினார்கள். இயங்குதளத்தைக் கொடுத்தோம், அதைத் திறக்கும் காரணத்தைக் கொடுக்கவில்லை. இனி காரணம் தானாகவே வரும். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 சில்லும் 4 ஜிபி ரேமும் இல்லாத கணினியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. பரண்களில் கூட்டம் கூடப்போகிறது.

தமிழைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். எழுத்துருத் தொகுப்பு ஒன்றையும், தமிழ்99 விசைப்பலகைக்கான ஐபஸ் எம்17என்-ஐயும் நிறுவினால் எழுதுவதில் சிக்கல் இல்லை. கறுப்புத் திரை முனையத்தில் மட்டும் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும், அதற்கு மருந்து இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'மதிப்பெண் = 92' என்று எழுதி ஓட்டிக் காட்டியபோது அக்கா மகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவளைவிட, பின்னால் நின்றிருந்த அக்கா முகத்தை. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் இருக்கின்றன, இறக்கிவைத்து இணையம் இல்லாமல் பார்க்கலாம். 2012-இல் தொடங்கிய கணியம் குழுவின் 'எளிய தமிழில்' வரிசை நூல்களும் இலவசம். இரண்டையும் அவள் பென் டிரைவில் போட்டுவைத்திருக்கிறேன்.

புதிய பென் டிரைவ் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் இருக்கும். மறுபடி போன், இந்த முறை இரவு பத்தரைக்கு.

"மாமா, திட்டாதீங்க. சூடோ போட்டு யூஎஸ்ஆர்ல இருந்த பின் ஃபோல்டரை அழிச்சிட்டேன். சும்மா என்ன ஆகுதுன்னு பார்த்தேன். இப்ப எல்எஸ் போட்டாக்கூட அப்படி ஒண்ணு இல்லங்குது."

"ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணு."

"எப்படி? ஷட்டவுனும் வேலை செய்யல."

"பவர் பட்டனை அழுத்திப் பிடி."

கொஞ்ச நேரம் மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு கணினி தொடங்கும் ஓசை. பிறகு விசைகள் தட்டுப்படும் ஓசை.

"மாமா, எல்லாம் இருக்கு. என் புரோகிராமும் இருக்கு." ஒரு நிமிடம் நின்றாள். "இப்ப லிப் ஃபோல்டரை அழிச்சுப் பாக்கட்டா?"